ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10.8 என்றால்

மும்பையில் கர்ப்பிணிக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும் நாளில் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே கதைதான். டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தால் பாதி வரிகள் தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்தில் கீழே பார்த்த அம்புக்குறி. ஹீமோகுளோபின் 10.8, ஹெமட்டோகிரிட் குறைவு, சிவப்பணு குறைவு, அல்புமின் குறைவு. வெள்ளையணு மட்டும் கூடுதல். உடனே திருநெல்வேலிக்கு போன் போகும். அங்கிருந்து, 'பிள்ளைக்கு உடம்புல ரத்தமே இல்லையாம்' என்று சேதி இன்னும் நாலு வீட்டுக்குப் பரவும். சாயங்காலத்துக்குள் தாராவி மார்க்கெட்டிலிருந்து ரெண்டு கிலோ பீட்ரூட் வந்து இறங்கிவிடும்.

அந்த அம்புக்குறிகளில் சில நிஜமான சத்துக் குறைவைக் காட்டுகின்றன. சில, கர்ப்பம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

முதலில் தாளின் வலது ஓரத்தைப் பாருங்கள். 'இயல்பு அளவு' என்று அச்சாகியிருக்கும் எண்கள் பெரும்பாலும் கர்ப்பமில்லாத பெண்களுக்கானவை. ஹீமோகுளோபினுக்கு 12 முதல் 15 வரை என்று போட்டிருக்கும். ரத்தம் கொடுத்தவர் ஆறு மாதக் கர்ப்பிணி என்பது லேப் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 12-க்குக் கீழே எது வந்தாலும் அது அம்பு போடும். அதற்கு டாக்டர் பதறவில்லை என்றால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

இப்போது ரத்தத்துக்குள் போவோம். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்ற திரவம், மீதி அணுக்கள். கர்ப்பத்தின் ஆறாவது வாரம் வாக்கிலேயே சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்க ஆரம்பித்துவிடும். பிளாஸ்மா மெல்ல மெல்லக் கூடி, 32-34 வாரத்தில் பழைய அளவைவிட 40 முதல் 50 சதம் வரை அதிகமாகிவிடும். சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் 20 முதல் 30 சதம்தான். திரவம் ஓடுகிற வேகத்துக்கு அணுக்கள் ஈடுகொடுப்பதில்லை. அதனால் ரத்தம் நீர்த்துப்போகிறது. நீர்த்த ரத்தம் நஞ்சுக்கொடியின் நுண்ணிய இடைவெளிகளில் சுலபமாக ஓடும். பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலும் தாய் தாங்கிக்கொள்வதற்கான முன்னேற்பாடும் அதுவே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். கர்ப்பத்துக்கு முன் ஒரு பெண்ணின் உடம்பில் 4 லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பிளாஸ்மா 2.5, சிவப்பணு 1.5. ஹீமோகுளோபின் 12.5, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராம். அப்படியானால் உடம்பு முழுக்க இருக்கும் ஹீமோகுளோபின் 500 கிராம். எட்டாம் மாதத்தில் பிளாஸ்மா 3.7 லிட்டர் ஆகிறது. சிவப்பணு 20 சதம் கூடி 1.8 லிட்டர். மொத்த ரத்தம் 5.5 லிட்டர், மொத்த ஹீமோகுளோபின் 600 கிராம். இதை 100 மில்லிக்கு வகுத்தால் வருவது 10.9. ரிப்போர்ட் 12.5-லிருந்து 10.9-க்கு இறங்கிவிட்டது என்கிறது. உடம்பிலோ முன்பிருந்ததைவிட 100 கிராம் ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கிறது! 'ரத்தமே இல்லை' என்று ஊருக்குப் போன சேதிக்கு நேர் எதிரான நிலை இது.

அதே பெண்ணுக்கு இரும்புச்சத்து தாராளமாகக் கிடைத்திருந்தால் சிவப்பணு 30 சதம் கூடி 1.95 லிட்டர் ஆகியிருக்கும். அப்போது மொத்தம் 650 கிராம் ஹீமோகுளோபின், 5.65 லிட்டர் ரத்தம், எண் 11.5. ஆக, இறங்குவது இயற்கை. எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் வேலை இருக்கிறது.

இதனால்தான் கர்ப்பிணிக்கு ரத்தசோகையின் எல்லைக்கோடு 12 அல்ல, 11. இந்திய அரசின் திட்டத்தில் 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் கோட்டை 10.5-க்கு இறக்கியிருக்கிறது. எனவே எண்ணை வாரத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 24-வது வாரத்தில் 10.8 என்றால் பெரும்பாலும் நீர்த்ததன் கணக்கு. பத்தாவது வாரத்திலேயே 10.8 என்றால் கதை வேறு. அப்போது பிளாஸ்மா இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது, இனிமேல்தான் நிறைய நீர்க்கப் போகிறது. அந்தப் பெண் கையில் சேமிப்பு இல்லாமல்தான் கர்ப்பத்துக்குள் நுழைந்திருக்கிறாள்.

எட்டாம் மாதத்தில் 13.5 இருக்கிறது என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு அது சாதாரணமாகவும் இருக்கலாம். ஆனால் பிளாஸ்மா கூட வேண்டிய அளவு கூடாததாலும் எண் உயரமாக நிற்கும். அப்படிப்பட்ட சிலருக்குப் பின்னால் ரத்த அழுத்தம் ஏறுவதும் குழந்தை எடை குறைவதும் நடக்கிறது. டாக்டர் பிபியையும் வயிற்றின் வளர்ச்சியையும் திரும்பத் திரும்ப அளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நிஜக் குறைவுக்கு வருவோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதம் பேருக்கு ரத்தசோகை. இது 11 என்ற கோட்டை வைத்துச் சொன்னது. நீர்த்ததற்குச் சலுகை கொடுத்த பிறகும் இரண்டில் ஒருவர்! அதில் பெரும் பங்கு இரும்பின் பற்றாக்குறை.

ஒரு கர்ப்பம் முழுக்கத் தேவைப்படும் இரும்பு சுமார் 1000 மில்லிகிராம். அதில் 300 குழந்தைக்கும் நஞ்சுக்கும் போகிறது, 200 தினசரிக் கழிவில் போகிறது, மீதி 500 தாயின் புதிய சிவப்பணுக்களுக்கு. மேலே, இரும்பு தாராளமாகக் கிடைத்த கணக்கில் 500 கிராம் ஹீமோகுளோபின் 650 ஆகி, 150 கிராம் கூடியது இல்லையா? ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த 500 வரும். கடைசி மாதங்களில் தினமும் 6-7 மில்லிகிராம் இரும்பு ரத்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நம் அரிசி, பருப்பு, கீரைச் சாப்பாட்டில் உள்ள இரும்பில் சாதாரண நாளில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டுவதில்லை. கர்ப்பத்தில் குடல் கதவை அகலத் திறக்கிறது என்பது உண்மை. இரும்பை மறிக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அப்போது குறைகிறது. அப்படியும் தட்டில் இருப்பதை மட்டும் வைத்து இந்தக் கணக்கை நேர் செய்வது சிரமம். 'எங்க காலத்துல மாத்திரையா சாப்பிட்டோம்?' என்று கேட்கும் பாட்டிகளுக்கு இதுதான் பதில். அந்தக் காலத்தில் ஹீமோகுளோபினை யாரும் அளக்கவும் இல்லை.

நீர்த்ததா, குறைந்ததா என்று ரிப்போர்ட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வரி இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எம்சிவி என்று போட்டிருக்கும், ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. தண்ணீர் கூடினால் அணுக்களின் எண்ணிக்கைதான் நீர்க்கும், ஒவ்வொரு அணுவும் சுருங்கிப்போகாது. ஹீமோகுளோபின் 10.6, எம்சிவி 88 என்றால் நீர்த்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் 10.6, எம்சிவி 72 என்றால் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. இரும்பு போதாமல் அணுக்கள் சின்னதாகவே பிறக்கின்றன. சந்தேகம் இருந்தால் டாக்டர் ஃபெரிட்டின் எழுதித் தருவார். அது இரும்புச் சேமிப்பின் அளவு. முதல் மூன்று மாதத்தில் 15-க்குக் கீழே இருந்தால் கிடங்கு காலி. காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

எம்சிவி 65, 68 என்று மிகவும் இறங்கி, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் தாராளமாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்தியாக இருக்கலாம். அதற்கு ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை எவ்வளவு என்று பார்ப்பார்கள். 3.5 சதத்துக்கு மேல் இருந்தால் கணவருக்கும் உடனே பரிசோதனை வேண்டும். மும்பையில் சிந்தி, பஞ்சாபி, லோகாணா குடும்பங்களில் இது அதிகம் என்பதால் பல மருத்துவமனைகளில் கர்ப்பிணிகள் எல்லோருக்குமே எடுத்துவிடுகிறார்கள். 'நமக்கெல்லாம் அது வராது' என்று தட்டிக்கழிக்க வேண்டாம்.

எம்சிவி 100-க்கு மேல் போனால் எதிர்ப்பக்கக் கதை. ஃபோலிக் அமிலமோ பி12-ஓ குறைந்தால் அணுக்கள் பிரிய முடியாமல் பெருத்துவிடும். இந்தக் கதையின் முதல் அத்தியாயம் மும்பையில், அதுவும் நம் ஜனங்கள் தினமும் தாண்டிப்போகும் பரேலில்தான் நடந்தது. பம்பாயின் பஞ்சாலைக் கூலிக் குடும்பங்களின் கர்ப்பிணிகள் அப்போது ஒரு கொடிய ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அணுக்கள் பெரிதாக இருந்தன, இரும்பு கொடுத்துத் தீரவில்லை. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை ஆராய வந்து, ஹாஃப்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று அந்தப் பெண்களின் சாப்பாட்டையே துருவித் துருவிப் பார்த்தார். காயும் பழமும் புரதமும் ஏறாத தட்டுகள் அவை. அதே மாதிரிச் சாப்பாட்டைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை வந்தது. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறின. பெண்களும் தேறினார்கள். 1931-ல் அவர் அதைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன என்பது அப்போது தெரியாது, வில்ஸ் காரணி என்றே சொல்லிவந்தார்கள். 1941-ல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த ஃபோலிக் அமிலம்தான் அது. வில்ஸ் இடையில் குன்னூரிலும் சென்னையிலும்கூட ஆய்வு செய்திருக்கிறார். பரேலில் இன்று ஒரு சாதாரண ஆளிடம் அவர் பெயரைச் சொன்னால் தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஃபோலிக் அமிலத்தில் நேரம் முக்கியம். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று யோசிக்கும்போதே முக்கால்வாசி முடிந்திருக்கும். ஏற்கனவே ஒருமுறை இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை உருவான பெண்களிடம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல நாடுகளில் ஒரு ஆய்வு நடத்தியது. தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில் அந்தக் குறை மறுபடி வருவது 72 சதம் குறைந்தது என்று 1991-ல் முடிவு வெளியானது. மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும், ஆனால் குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தபோதே ஆரம்பிக்க வேண்டும்.

பி12-ஐப் பற்றி மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துச் சைவக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். செடிகொடியில் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். காபியில் ஊற்றும் பாலும் ஒரு கரண்டி மோரும் போதாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் பி12 அளவு எல்லோருக்குமே இறங்கும், அதில் ஒரு பங்கு நீர்த்தல்தான். எனவே கொஞ்சம் குறைந்ததும் குறைபாடு என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் வருஷக்கணக்காகச் சைவம், கால் மரத்துப்போகிறது, நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறது என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரிப்போர்ட்டில் அணுக்கள் சரியாகிவிடும், நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்தவர்களுக்குச் சின்ன அணுவும் பெரிய அணுவும் கலந்து, எம்சிவி சராசரியில் 'நார்மல்' என்று ஏமாற்றும். அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ என்ற வரி எகிறியிருந்தால் அந்தக் கலப்படம் வெளிப்படும்.

இப்போது அந்தப் பீட்ரூட். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகாது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, மாதுளையில் அரை மில்லிகிராமும் இல்லை. சாப்பிடுங்கள், நல்ல காய்தான், ஆனால் மாத்திரைக்குப் பதில் என்று நினைக்காதீர்கள். முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 4-5 மில்லிகிராம் இருக்கும். இங்கே பாஜ்ரி என்று விற்கும் நம் கம்பு இன்னும் மேல். மராத்தி வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் அளீவ் விதை லாடுவும் சும்மா இல்லை, அந்த விதையில் இரும்பு நிறையவே உண்டு. ஆட்டுச் சுவரொட்டி, மீன், கறி சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் ஒட்டுவது இன்னும் சுலபம். ஈரலில் மட்டும் வைட்டமின் ஏ மிக அதிகம், முதல் மாதங்களில் அதை அடிக்கடி வேண்டாம்.

எதைச் சாப்பிட்டாலும் அதன் மேல் கட்டிங் சாய் ஊற்றினால் பாதி வீண். தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரையில் அரை எலுமிச்சை பிழிந்தால், அல்லது கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கடித்தால், ஒட்டுவது கூடும்.

சிவப்பு மாத்திரை மாநகராட்சி ஹெல்த் போஸ்ட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள அதை, நாலாம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, 180 நாள் சாப்பிட வேண்டும். ரத்தசோகை இருந்தால் இரண்டாகச் சொல்வார்கள். மலம் கறுத்துப்போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துபோய் நிறுத்துகிறவர்கள் ஏராளம். அது ஒட்டாத இரும்பின் நிறம், வேறொன்றுமில்லை. குமட்டினால் ராத்திரி படுக்கப்போகும்போது போடலாம். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில் விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வயிற்றுப்புழுவுக்கு நடு மாதங்களில் ஒரு அல்பெண்டசோல் தருவார்கள், அதையும் ஒதுக்க வேண்டாம். கொக்கிப்புழு குடிப்பதும் இதே ரத்தத்தைத்தான். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஒரு கிராம் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி டாக்டர் பேசுவார். 7-க்குக் கீழே போனாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியைக் கடிப்பது, சுண்ணாம்பு, மண், சாக்பீஸ் மேல் ஆசை வருவது: இதையெல்லாம் மசக்கை என்று சிரித்துவிட்டுப் போகிறோம். இரும்புக் குறைவில் இது அடிக்கடி வருவது. மாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடமாவது சொல்லலாம்.

தாளில் மற்ற அம்புகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அல்புமின் என்ற ரத்தப் புரதம் நீர்த்து 3 வாக்கில் இறங்குவது சகஜம், அதற்காக விலை உயர்ந்த புரோட்டீன் பவுடர் டப்பா தேவையில்லை. மொத்தக் கால்சியமும் அல்புமினோடு சேர்ந்து இறங்கிக் காட்டும். வெள்ளையணு ஏறுவது கர்ப்பத்தில் வழக்கம். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகும், குழந்தைக்கான எரிபொருள் அது. ஆனால் கால் வீக்கத்தோடு தலைவலியும் பிபியும் சேர்ந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

சர்க்கரை மட்டும் நின்று பார்க்க வேண்டிய வரி. வெறும் வயிற்றில் கர்ப்பிணியின் சர்க்கரை முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். சாப்பிட்ட பிறகோ நஞ்சின் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துவதால் மேலே நிற்கும். வெறும் வயிற்று எண்ணைப் பார்த்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிறார்களே, அந்தப் பரிசோதனையில் 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யலாம் என்ற இந்த எளிய முறையைப் பரப்பியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறார்கள். முதல் செக்கப்பில் ஒருமுறை, 24-28 வாரத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டும். முதல் தடவை சரியாக இருந்ததால் இரண்டாவதை விடுவது தப்பு.

மும்பைத் தமிழர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் ரயிலேறித் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். ரத்தம் அதிகம் நீர்த்திருக்கும், இரும்பு அதிகம் தேவைப்படும் வாரங்களில் மாத்திரை நின்றுபோகிறது. போகும்போது மும்பை ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, பிக்மி எண் என்ற தமிழ்நாட்டு கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிவிட்டால் அங்கேயே மாத்திரை கிடைக்கும். பிள்ளை பெற்ற பிறகும் இன்னொரு 180 நாள் அதே சிவப்பு மாத்திரை உண்டு. பிளாஸ்மா ஆறு வாரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். அப்போது எடுக்கும் ரிப்போர்ட்டுக்கு 12 என்ற பழைய கோடுதான் பொருந்தும், அதற்குக் கீழே வந்தால் நீர்த்ததாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.